சுண்டுவிரல் ஒட்டிக்கொண்ட கப்பல்

சாப்பிட வரச்சொல்லி மனைவி வசந்தி இரண்டாவது முறை கூப்பிட்டபோது எழுந்தேன். என்னோடு கப்பலும் எழுந்தது.

பதினேழாம் நூற்றாண்டுத் தொடக்கத்து டச்சுப் போர்க்கப்பல் ஒன்றின் மர மாதிரி அது. என் கை நீளம் இருக்கும். அதன் விலாவில், பீரங்கி வாய்க்குக் கீழே, ஒரு சின்னச் சட்டத்தை உடனே பிடிக்கும் பசையால் ஒட்டிக்கொண்டிருந்தேன். பசை வழிந்து என் வலதுகைச் சுண்டுவிரலையும் சேர்த்து ஒட்டிவிட்டது. வசந்தி எட்டிப் பார்த்தாள். உள்ளே போய் நகச்சாயம் அழிக்கும் திரவத்தை எடுத்துவந்து பஞ்சால் நனைத்து நனைத்து என்னையும் கப்பலையும் பிரித்தாள். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம்.

அந்தப் பசை விரலில் பட்டால் முதலில் சில்லென்று இருக்கும், பிறகு இலேசாகச் சுடும். இத்தனை வருடம் கப்பல் கட்டுகிறவனுக்கு அது தெரியாமல் போகாது. அன்று சில்லென்றும் இல்லை, சுடவும் இல்லை. சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

சுண்டுவிரலும் பக்கத்து விரலில் பாதியும் மரத்துப்போய், இணையத்தில் தேடிப் பார்த்து, இருக்கிற வியாதி எல்லாம் நமக்குத்தான் என்று பயந்துபோயிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல. மலேசியாவில், லுக்குட்டுக்கு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தின் எண்ணெய் ஆலையில் மின்சாரத்துக்குப் பொறுப்பாளன். சார்ஜ்மேன் என்பார்கள். எனக்கு நடந்தது உங்களுக்கும் அப்படியே நடக்க வேண்டும் என்பதில்லை. உங்களை மருத்துவரிடம் சீக்கிரம் போகவைத்தால் எனக்கு அது போதும்.

கப்பல் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்கிறார்கள். தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு போயிருந்தேன். அதற்கு எதிரே, இன்று பிள்ளைகள் குளிக்கிற அந்தக் கடலில், நானூறு வருடத்துக்கு முன்னால் டச்சுக்காரரும் போர்த்துகீசியரும் பீரங்கியால் சுட்டுக்கொண்டார்கள் என்றும், அதில் கப்பல்கள் எரிந்து மூழ்கின என்றும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்தும் அது மண்டையை விட்டுப் போகவில்லை. மூழ்கியவற்றில் ஒரு டச்சுக் கப்பலைக் கட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அதற்கு வரைபடம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. அதே காலத்துக் கப்பல்களின் ஓவியங்களையும் அளவுகளையும் வைத்து ஊகித்துத்தான் கட்ட வேண்டும். ஆணி எங்கே அடித்திருப்பார்கள், கயிறு எந்தப் பக்கம் முறுக்கியிருப்பார்கள் என்று முகம் தெரியாத ஆட்களோடு இணையத்தில் சண்டை போடுவேன். உடம்புக்குச் சட்டங்கள் ரப்பர் மரத்தில். கப்பிகள் மட்டும் கறிவேப்பிலை மரத்தில், ஏனென்றால் அது நெருக்கமான மரம், எவ்வளவு சின்னத் துளை போட்டாலும் பிளக்காது. வசந்தியின் கறிவேப்பிலை மரத்தில் ஒரு கிளை காணாமல் போன கதையை இங்கே சொல்லாமல் விடுகிறேன்.

விரல் மரத்த செய்தி தோட்டத்தில் பரவியதும் ஆளுக்கொரு வியாதி சொன்னார்கள். இனிப்புநீர் என்றார்கள் பாதிப்பேர். லுக்குட் கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை ஒழுங்காக இருந்தது. அதோடு நானும் நிம்மதியாகிவிட்டேன். இது தப்பு. சர்க்கரை இல்லை என்றால் சர்க்கரை இல்லை என்றுதான் அர்த்தம். விரல் ஏன் மரத்தது என்ற கேள்வி அப்படியே கிடந்தது, நான்தான் அதைத் தாண்டிப் போய்விட்டேன்.

அடுத்து ரசம் ஒழுக ஆரம்பித்தது. ரசஞ்சோற்றைக் கையால் அள்ளும்போது சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேராமல் தனியாக விலகி நிற்கும். அந்தச் சந்து வழியாக ரசம் முழங்கை வரைக்கும் இறங்கும். வசந்தி கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் என் கையைப் பிடித்துத் திருப்பி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் சதையைத் தொட்டாள். அங்கே சதை இல்லை. குழி விழுந்திருந்தது. இடது கையோடு வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கே பயம் வந்தது.

அந்த வாரமே ஆலையில் சுவிட்ச் பலகையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றபோது டெஸ்டர் என் பிடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. நல்லவேளை, வெளிப்பக்கம் விழுந்தது. நானே எஞ்சினியரிடம் போய், கை சரியாகும்வரை என்னைப் பலகைக்குப் பக்கத்தில் விடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் வந்து பார்த்தால் இடுக்கியும் நிற்கவில்லை, நூலும் நிற்கவில்லை. என் பிழைப்பும் என் சந்தோஷமும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பிடிக்கிற ஒரு பிடியில்தான் இருந்தன. அந்தப் பிடி போய்க்கொண்டிருந்தது.

சிரம்பானில் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். நரம்பு மின்கடத்தல் சோதனை (நரம்பில் சிறு மின்சாரம் செலுத்தி, அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளப்பது) செய்தார்கள். வாழ்நாள் முழுக்க ஷாக் அடிக்காமல் இருக்கச் சம்பளம் வாங்கியவன், அன்று வரிசையில் உட்கார்ந்து எண் வாங்கி ஷாக் அடித்துக்கொண்டேன். வலிக்கும் என்று பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: சுண்டி விட்டது போல இருக்கும், அவ்வளவுதான். மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குக் கீழ்வரை மின்சாரம் ஒழுங்காக ஓடியது. முழங்கையைக் கடக்கிற இடத்தில் படுத்துவிட்டது. லைனில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கிற முறைதான் இதுவும் என்பதால் எனக்கு உடனே புரிந்தது.

டாக்டர் இளம்பெண், தமிழ்ப்பெண். ஒரு தாளை என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கொடுத்துப் பிடிக்கச் சொல்லி இழுத்தார். தாள் வழுக்கிக்கொண்டு போயிற்று, என் கட்டைவிரல் தவித்து மடங்கியது. அல்நார் நரம்பு (முழங்கையின் உள்பக்கமாக ஓடிச் சுண்டுவிரல் வரை போவது, முழங்கையை இடித்துக்கொண்டால் விர்ரென்று ஏறுமே, அதுதான்) நசுங்கியிருக்கிறது என்றார்.

“அங்கிள், முழங்கைய எங்கயாச்சும் ரொம்ப நேரம் ஊனி வெப்பீங்களா?”

யோசித்துப் பார்த்து, இல்லை என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வசந்திக்குப் பொறுக்கவில்லை.

“டாக்டர், இவரு வீட்ல கப்பல் கட்றாரு.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வசந்தி கைப்பேசியைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள். மகளுக்கு அனுப்பிக் கேலி செய்வதற்காக எடுத்தது. அதில் நான் நெற்றியில் பூதக்கண்ணாடியோடு, இரண்டு முழங்கையையும் மேசை விளிம்பில் ஊன்றி, முன்கைகளை மடக்கி மூக்குக்கு நேரே வைத்து நூல் முடிந்துகொண்டிருக்கிறேன். கப்பல் கட்டுகிறவர்கள் எல்லாருமே அப்படித்தான் உட்காருவோம். முழங்கை ஊன்றினால்தான் விரல் நடுங்காது. நான் நாளெல்லாம் ஆலையில் நின்றுவிட்டு வந்து, சாப்பாட்டு நேரம் வரை அப்படியே உட்கார்ந்திருப்பேன், ஞாயிற்றுக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். மேசை விளிம்பில் வார்னிஷ் தேய்ந்து இரண்டு வெள்ளைத் தடங்கள் படத்திலேயே தெரிந்தன. டாக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு கப்பலையும் பெரிதாக்கிப் பார்த்தார். நல்லா இருக்கு என்றார்.

அறுவை சிகிச்சை செய்தால் நரம்பை நசுக்குகிற இடத்தைத் தளர்த்திவிடலாம், செய்யாவிட்டால் குழி இன்னும் ஆழமாகும் என்று விளக்கினார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

“பழையபடி நூல் புடிக்க முடியுமா டாக்டர்?”

“போன சதை எவ்ளோ திரும்பும்னு நான் இப்ப சொல்ல முடியாது அங்கிள். நரம்பு வளரும். ஆனா பெலான்-பெலான், மெதுவாத்தான். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளந்தாலே நல்ல வேகம்.”

வீட்டுக்கு வரும் வழியில் வசந்தி காரை ஓட்டினாள். நான் என் கையை மடியில் வைத்து முழங்கையிலிருந்து விரல் நுனிவரை கண்ணாலேயே அளந்துகொண்டு வந்தேன். மற்றவர்களுக்கு ஒரு மில்லிமீட்டர் ஒன்றுமில்லாத சங்கதி. என் கப்பலின் அளவுக்கணக்கில் அது நிஜக் கப்பலின் மூன்று விரல் அகலம். ஒரு நாளைக்கு மூன்று விரல் அகலம் என்றால் பரவாயில்லையே என்று எனக்குப் பட்டது. வசந்தியிடம் சொன்னேன். சாலையைப் பார்த்துக்கொண்டே, நரம்புக்கு அந்தக் கணக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

தீபாவளி முடிந்ததும் அறுவை சிகிச்சை. கையை மட்டும் மரக்க வைத்தார்கள், நான் விழித்திருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருப்பது என் தொழிலுக்கு ஆகாது. நரம்பு தெரிகிறதா என்று கேட்டேன். தெரிகிறது, வெள்ளையாக, லக்சா மீ (நூடுல்ஸ்) மாதிரி என்றார் டாக்டர். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நான் லக்சா பக்கம் போகவில்லை. மற்றபடி பெரிய வலி இல்லை. முழங்கையின் உள்பக்கம் ஒரு தையல், ஒரு பெரிய கட்டு, கையை மடக்கிவைத்துத் தூங்கக் கூடாது என்று ஒரு கட்டளை.

பயிற்சிக்கு அடிக்கடி போகவேண்டியிருந்ததால் சிரம்பான் லோபாக்கில் இருக்கும் மகள் கவிதா வீட்டில் தங்கினேன். கைப்பயிற்சி சொல்லிக்கொடுத்தவர் நூருல் என்ற மலாய்ப் பெண். களிமண் போன்ற பிசினைக் கொடுத்து, கிள்ளு, உருட்டு, விரல்களை விரி என்பார். பிசினிலிருந்து பாசிமணி பொறுக்கச் சொல்வார். நல்லவர், பொறுமைசாலி. ஆனால் எனக்கு அது சலித்துப்போனது. பொறுக்கிய மணியை அவரே திரும்பப் பிசினுக்குள் புதைத்துவிடுவார். ஒரு வேலை செய்தால் ஏதாவது ஒன்று முடிய வேண்டும் என்று நினைக்கிற புத்தி எனக்கு. வீட்டில் செய்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கவிதா வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து பிசினைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்தக் கட்டத்தில்தான் பலபேர் சோர்ந்துபோகிறார்கள் என்று நூருல் பிறகு சொன்னார். நானும் சோர்ந்துதான் போனேன். கப்பலை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

கப்பலில் பாக்கியிருந்தது ஏணிக்கயிறுகள் மட்டும். பாய்மரத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்திருக்கும் தாங்குகயிறுகளுக்குக் குறுக்கே, மாலுமிகள் கால்வைத்து ஏறுவதற்காகப் படிப்படியாகக் கட்டுகிற மெல்லிய கயிறுகள் அவை. ஒவ்வொரு தாங்குகயிற்றிலும் ஒரு முடிச்சு. கப்பல் கட்டுவதிலேயே நகத்தைக் கடிக்க வைக்கிற வேலை அது. நான் ஒரு வரிசை மாதிரிக்குக் கட்டி வைத்திருந்தேன், கை போவதற்கு முன்னால்.

பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தேன். வசந்தி என்னை வாசலிலேயே நிறுத்தி, கண்ணை மூடச் சொல்லி, மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

கண்ணைத் திறந்தேன். முன்பாய்மரத்தின் ஏணிக்கயிறுகள் அத்தனையும் கட்டப்பட்டிருந்தன.

வசந்தி வெள்ளிக்கிழமைதோறும் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுப்பவள். என் மாதிரி வரிசையைப் பார்த்திருக்கிறாள். கிட்டத்தட்ட அவள் பூக்கட்டும் முடிச்சுதான் அது: ஒரு சுற்று, ஒரு வளையம், இழுப்பு. நான் லோபாக்கில் இருந்த நாளெல்லாம் தொடர் நாடகம் பார்த்துக்கொண்டே ஒரு கப்பலின் முன்மரத்தை முடித்திருக்கிறாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

பிறகு, பழக்கதோஷம், பூதக்கண்ணாடியை இழுத்துப் பார்த்தேன்.

தாங்குகயிறுகள் இடுப்பு சிறுத்திருந்தன. கீழே அகலமாகத் தொடங்கி மேலே குறுகிப்போக வேண்டிய கயிறுகள், நடுவில் உடுக்கை போல உள்ளே இழுபட்டிருந்தன. ஒவ்வொரு குறுக்குக் கயிற்றையும் பூ உதிராத அளவுக்கு இறுக்கிக் கட்டியிருக்கிறாள். அந்த இழுப்பில் பாய்மரமே ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது. நானூறு வருடத்துக்கு முன்னால் ஒரு மாலுமி இதில் ஏறியிருந்தால் முதல் படியிலேயே கடலில் விழுந்திருப்பான்.

பொங்கல் சாப்பிட்டோம். வசந்தி கரண்டியை வைத்தாள்.

“சொல்லுங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.”

சொன்னேன். கப்பலை எடுத்துவந்து காட்டியும் சொன்னேன். அவள் கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். முகம் தொங்கித்தான் போனது. ஆனால் அவளும் வேலை தெரிந்தவள், கோணலைக் கோணல் இல்லை என்று சொல்லமாட்டாள்.

“பூன்னா இறுக்கித்தானே லா கட்டணும். இதுக்கு யாரு கண்டா. அவுத்துடுங்க.”

நீயே அவிழ்த்துவிடு, என் கை இருக்கிற நிலைமையில் என்னால் முடியாது என்றேன்.

“நான் கட்டுனத நானே அவுக்க மாட்டேன். ஒங்களுக்குத்தான் கோணலாத் தெரியுது. நீங்களே அவுத்துக்குங்க.”

இப்படித்தான் என் உண்மையான சிகிச்சை தொடங்கியது. முழங்கை மேசையில் படக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. எனவே வசந்தி பழைய தலையணையைச் சுருட்டி முன்கைக்குக் கீழே வைத்தாள். கை ஏறக்குறைய நீட்டினாற்போல் இருக்கவேண்டும் என்பதால் கப்பலைத் தள்ளி வைத்து, எட்டத்திலிருந்து பார்க்கிற கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டேன். வலதுகையில் தையல் ஊசி. முதல் முடிச்சுக்குள் ஊசி நுனியை விடுவதற்கே அன்றைய மாலை போய்விட்டது. விரல் நடுங்கியது, ஊசி விழுந்தது, தேடினேன், எடுத்தேன். ஊசியைத் தரையிலிருந்து பொறுக்குவதே நூருலின் பயிற்சிகளில் ஒன்று என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

வசந்தியின் முடிச்சு இலேசில் அவிழாது. அதன் வளையத்தைக் கண்டுபிடித்து, நூல் அறுந்துவிடாமல், தாங்குகயிற்றில் கீறல் விழாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து நூலைக் கிள்ளிப் பிடித்தால்தான் நடக்கும். ஆரம்பத்தில் ஒரு மாலைக்கு ஒரு முடிச்சு. அவள் பக்கத்தில் உட்கார்ந்து சரம் தொடுப்பாள், நான் அவள் கட்டியதை அவிழ்ப்பேன். எதிரெதிர் வேலை பார்க்கிற தம்பதி என்று கவிதா சொல்லிச் சிரித்தாள். அவிழ்ந்த முடிச்சு திரும்பப் பிசினுக்குள் போகாது என்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். தாங்குகயிறு ஒவ்வொன்றாக மூச்சுவிட்டு நேரானது.

அடுத்த முறை நூருல் என்னிடம் தாளைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லி இழுத்தார். தாள் நின்றது. திரும்ப இழுத்தார், கிழிந்தது. பாக்சிக் (அங்கிள்), வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார். மனைவி கட்டிய முடிச்சுகளை அவிழ்க்கிறேன் என்றேன். நான் ஏதோ குடும்பத் தகராறைச் சொல்வதாக நினைத்து முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டார். படத்தைக் காட்டிய பிறகு, பிசினை என்னிடமிருந்து வாங்கி உள்ளே வைத்துவிட்டு, இதையே தொடருங்கள் என்றார்.

பங்குனி உத்திரம் தாண்டி, முன்மரம் ஏறக்குறைய முழுவதும் அவிழ்ந்தது. அன்றே என் முதல் ஏணிக்கயிற்றைக் கட்டினேன். நூல் கையில் நின்றது. ஆனால் பழைய வலு இல்லை, இழுத்து இறுக்க முடியவில்லை. கட்டி முடித்ததும் அது நடுவில் இலேசாகத் தொய்ந்து கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவிழ்க்கலாம் என்று ஊசியை எடுத்தபோது, எதிரே சுவரில் ஒட்டியிருந்த அந்தக் காலத்து ஓவியத்தின் நகல் கண்ணில் பட்டது. இத்தனை வருடமாக நான் பார்த்துக் கட்டிய அதே ஓவியம். அதில் ஏணிக்கயிறு ஒவ்வொன்றும், ஆள் ஏறி ஏறி, நடுவில் இலேசாகத் தொய்ந்திருந்தது. நான் முன்பு கட்டிய மாதிரி வரிசையைப் பார்த்தேன். ஆலையில் வயர் இழுக்கிறவனின் வரிசை, விறைத்துக்கொண்டு நின்றது. என் ஆரோக்கியமான கைக்கு அந்தத் தொய்வு வந்ததே இல்லை. ஊசியை வைத்துவிட்டு வசந்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இதுக்குத்தானா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்டாள். இதற்குத்தான்.

உச்சிக்குப் பக்கத்தில், கயிறுகள் எல்லாம் நெருங்கிச் சேருகிற இடத்தில், அவள் கட்டிய ஒரு வரிசையை மட்டும் அவிழ்க்காமல் விட்டிருக்கிறேன். அங்கே இறுக்கம் தெரியாது. இணையத்து ஆட்கள் யாராவது கண்டுபிடித்துக் கேட்டால், அது மாரியம்மன் கோயில் முறைப்படி கட்டியது என்று சொல்வேன்.

என் கை முழுக்கத் திரும்பவில்லை. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். குழி பாதிதான் நிறைந்திருக்கிறது. மழைநாளில் தையல் தழும்பு இழுக்கிறது. ஆலையில் பலகையைத் திறக்கிறேன், ஆனால் பக்கத்தில் இன்னோர் ஆள் இல்லாமல் திறப்பதில்லை. முன்பெல்லாம் எனக்கு முழங்கை என்று ஒன்று இருப்பதே தெரியாது. இப்போது எங்கே உட்கார்ந்தாலும், கோப்பிக் கடையானாலும் கல்யாண மண்டபமானாலும், முழங்கையை எங்கே வைப்பது என்று முதலில் பார்க்கிறேன். முன்பு கப்பலை எப்போது முடிப்பாய் என்று கேட்டால் ஒரு மாதம் சொல்வேன். இப்போது யாராவது கேட்டால், நரம்பு வளர்கிற வேகத்தில் என்கிறேன். அது எனக்கு மெதுவாகவும் தெரியவில்லை.

சுண்டுவிரல்தான் கடைசி. முழங்கையிலிருந்து மிகத் தூரம் அதற்கு. மற்றதெல்லாம் வந்த பிறகும் அது மரக்கட்டையாகவே இருந்தது. அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம், வசந்தி உள்ளே முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். நான் கப்பலின் விலாவில் பழைய இடத்திலேயே, பீரங்கி வாய்க்குக் கீழே, பெயர்ந்துபோன அந்தச் சின்னச் சட்டத்தைத் திரும்ப ஒட்டிக்கொண்டிருந்தேன். பசை ஒரு சொட்டு வழிந்து சுண்டுவிரலில் இறங்கியது.

சில்லென்றிருந்தது.

நான் அசையவில்லை. அசைந்தால் அது போய்விடுமோ என்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் இலேசாகச் சுட்டது. நன்றாகவே சுட்டது. சுட்டதை முழுக்க வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிரித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

வசந்தி சாப்பிடக் கூப்பிட்டாள். இரண்டாவது முறையும் கூப்பிட்டாள். நான் எழுந்திருக்கவில்லை, அந்த நகச்சாயத் திரவத்தை எடுத்துக்கொண்டு வா என்று மட்டும் குரல் கொடுத்தேன்.